அட்டை டிவி

அந்தக் கட்டில் விற்றுப்போனது அவளுக்குத் தெரியும். யார் வீட்டுக்குப் போனது என்பதுதான் தெரியாது. அவள் வேலை பார்க்கிற கடையின் டெலிவரி வேனை ஓட்டிக்கொண்டு போய், சாமான்களை வீட்டுக்குள் வைத்துப் பொருத்திக் கொடுத்துவிட்டு வருகிற ஆணி அண்ணன், சனிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்து, கை கழுவிக்கொண்டே, நல்ல சேதி சொல்கிற முகத்தோடு அதைச் சொன்னார்.

“ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லலையே நீ. நம்ம மிளகுக்குத்தானா அந்தக் கட்டில்? கதவைத் தொறந்ததே அவதான். நான் போல்ட்டு முடுக்கி முடிக்கல, அதுக்குள்ள ஏணியில ஏறி எறங்கி என்னை ஒரு வழி பண்ணிட்டா.”

“சொல்லணும்னுதாண்ணே இருந்தேன். மறந்துட்டேன்,” என்றாள் அவள்.

மறக்கிற கட்டிலா அது. ஃபர்னிச்சர் கடையின் மாடியில், மூன்று சுவர்களோடு காட்சிக்கு நிற்கிற, குழந்தைகளுக்கான பொய் அறையில் இருந்தது. மேலே படுக்கை, கீழே படிக்கிற மேசை, ஏறிப் போக ஒரு குட்டி ஏணி. காலையில் கடை திறந்ததும் மற்ற சாமான்களுக்கு ஒரு துடைப்பு என்றால் அதற்கு இரண்டு. மானேஜர் பக்கத்தில் நின்றால், “படி எல்லாத்துலயும் ரப்பர் ஒட்டியிருக்கு சார், பிள்ளைங்க கால் வழுக்கவே வழுக்காது” என்று வாடிக்கையாளர்களிடம் அதன் பெருமையைப் பாடுவாள். மானேஜர் நகர்ந்துவிட்டால், “இது கொஞ்சம் பழைய மாடல், இந்தப் பக்கம் வாங்க” என்று வேறு கட்டிலுக்குக் கூட்டிப் போய்விடுவாள். வாங்க வக்கில்லை என்பது அவளுக்கே தெரியும். ஆனாலும் அது அங்கே நிற்கிறவரை யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லாதவரை பாதி தன்னுடையது என்று ஒரு கணக்கு. அவள் லீவு போட்டிருந்த நாளாகப் பார்த்து அது விற்றுப்போயிற்று. வாங்கிப் போனது மிளகின் அப்பாவும், அவர் புதிதாகக் கட்டிக்கொண்டவளும்.

மிளகு என்பது மகள் பிறந்தபோது அவள் சைஸைப் பார்த்து வைத்த பட்டப்பெயர். பேச ஆரம்பித்த பிறகு காரணம் மாறிவிட்டது, பெயர் நிலைத்துவிட்டது. மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். சனி, ஞாயிறில்தான் கடையில் கூட்டம் என்பதால் அந்த இரண்டு நாளும் அப்பா வீட்டில் இருப்பாள். மற்ற நாள் அம்மாவிடம். பிரிந்தபோது பேசிக்கொண்ட ஏற்பாடு அது. இவ்வளவு நாளும் ஒரு தோழி வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த அம்மாவும் மகளும் போன மாதம்தான் சொந்தமாக வாடகைக்கு ஒரு மாடி வீடு பிடித்து வந்திருந்தார்கள். ஒரு அறை, ஒரு சமையலறை, மீதியெல்லாம் காலி. சாமான் இல்லாத வீடு, பேசினால் திருப்பிப் பேசியது. முன்னால் குடியிருந்தவர்கள் டிவி மாட்டியிருந்த இடம் சுவரில் வெளுத்துப்போய்ச் சதுரமாகத் தெரிந்தது. முகம் தெரியாத அந்த மனிதர்கள் மேல்கூட அவளுக்குப் பொறாமையாக இருந்தது; போன பிறகும் டிவி இருந்த அடையாளத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே. அதையாவது விடலாம். கீழ் வீட்டம்மா தன் பூனைக்கு வாசலில் ஒரு பிரம்பு நாற்காலி போட்டிருந்தாள். இவள் வேலைக்குப் போகும்போது அந்தப் பூனை சாய்ந்து படுத்துக்கொண்டு ஒரு பார்வை பார்க்கும். ஒரு பூனையைப் பார்த்து வயிறெரிகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே படியிறங்குவாள்.

மிளகின் அப்பா சண்டை போடுகிற ஆள் இல்லை. சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். நிதானமாகப் போன் பண்ணினார்.

“பள்ளிக்கூடம் தொறக்கப்போகுது. வார நாள்ல இங்க இருக்கட்டுமே. அங்க ஒரு மேசை நாற்காலிகூட இல்லைன்னு சொல்றா. புள்ள எதுல வச்சு எழுதும்? சனி, ஞாயிறு உன்கிட்ட வரட்டும்.”

“சனி, ஞாயிறு எனக்குக் கடை இருக்கே.”

“சரி, அவளையே கேப்போம். அவ எங்க இருக்கேன்னு சொல்றாளோ அங்க இருக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள கேட்டுச் சொல்லு.”

அவர் கேட்கச் சொன்னதற்கும் கட்டில் போய் இறங்கியதற்கும் நடுவில் நாள் அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மிளகு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“அம்மா, எங்க வீட்டுல ஏணி வச்ச கட்டில் வந்துருக்கு. சின்னம்மா மேல லைட்டு போட்டுக் குடுத்துருக்காங்க. எங்க வீட்டுல இனிமே நான் மேலதான்.”

சித்தி என்று கூப்பிட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சின்னம்மாவாம். சின்னதோ பெரிதோ, அந்தச் சொல்லுக்குள் ஒரு அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாளே. அதைவிடக் குத்தியது அந்த ‘எங்க’. நம்ம வீடு என்று சொன்னால் கேட்கிறவளுக்கும் உள்ளே இடம் உண்டு. எங்க வீடு என்று சொல்லிவிட்டால் கேட்கிறவள் வாசலோடு நிற்க வேண்டியதுதான். இந்த வீட்டைப் பற்றி மிளகு பேசும்போது அவள் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்திருக்கிறாள். ‘இங்க’ என்பாள். ‘மாடியில’ என்பாள். எங்க என்றும் சொன்னதில்லை, நம்ம என்றும் சொன்னதில்லை. அப்பா கேட்கச் சொன்னதற்கு என்ன பதில் வரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த வாரம் முழுக்க மகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

வாய்தான் வரவில்லை, கை சும்மா இருக்கவில்லை. கடையின் பின்கட்டில் சோபா தைக்கிறவர்கள் வெட்டிப்போடும் ஃபோம் துண்டுகளைப் பொறுக்கி வந்து, பழைய போர்வைக்குள் திணித்துத் தைத்து, மெத்தை மாதிரி ஒன்று செய்தாள். படுத்தால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் ஓடியது. பீரோ வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, மேலே துணி விரித்து, மேசை என்றாள். மிளகு முழங்கையை ஊன்றியதும் மேசை ஒரு பெருமூச்சு விட்டு உள்ளே இறங்கியது.

“பரவால்லம்மா. பள்ளம்தான? உள்ள தண்ணி ஊத்துனா வாத்து விடலாம்,” என்றாள் மிளகு.

சிரிக்கத்தான் சொன்னாள். அம்மாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை கடையில் ஒரு வாடிக்கையாளரின் பையன் பொம்மை டிவி மேல் சாய்ந்து அதன் ஒரு மூலையை மடக்கிவிட்டான். கடையில் இருக்கிற டிவியெல்லாம் அட்டைதான். முன்பக்கம் ஏரியும் மலையும் அச்சடித்த படம். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். தூக்கிப் போடச் சொன்னார் மானேஜர். நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “எடுத்துக்கம்மா, கரண்டு பில்லாவது மிச்சம்” என்றார். ஆணி அண்ணன் அதை வேனில் கொண்டு வந்து, வெளுத்துப்போன அந்தச் சதுரத்திலேயே கச்சிதமாக மாட்டிக் கொடுத்தார்.

மிளகு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். பிறகு கிட்டே போய்த் தட்டிப் பார்த்தாள். ‘டொக் டொக்’ என்றது.

“வேற சேனல் வருமா?”

“வராது.”

“சவுண்டு?”

“நீதான் குடுக்கணும்.”

மிளகு உள்ளே போய்ச் சீப்பை எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, ரிமோட் மாதிரி நீட்டி அமுக்கினாள். படம் மாறாமல் அதே ஏரி, அதே மலை. “இன்னைக்கு மழை வரும்” என்று செய்தி வாசிக்கிற குரலில் சொன்னாள். அவ்வளவுதான். பிடித்ததா, கேலியா, அம்மா மனம் நோகாமல் இருக்கவா என்று அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் போகப் பையில் துணி அடுக்கும்போது, மிளகு இங்கே போர்த்திக்கொள்கிற பூப்போட்ட போர்வையையும் மடித்து உள்ளே வைத்தாள்.

“அது எதுக்கு?”

“மேல படுக்கும்போது போத்திக்க.”

அந்த இடத்தில்தான் அவள் நாக்கு தறிகெட்டது. யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் யோசித்துச் சொன்னது மாதிரி அவ்வளவு சரளமாக வந்தது.

“அந்தக் கட்டில்ல ஏறாத. அந்த மாடல்ல ஏணி நிக்காது. எங்க கடையிலயே ஒரு பிள்ள ஏறி விழுந்து கை ஒடிஞ்சுபோச்சு.”

மிளகின் கை பைக்குள் அப்படியே நின்றது. “நெஜமாவா? ஆணி மாமா நல்லா முடுக்குனாரே.”

“அவர் என்ன முடுக்குனாலும் நிக்காது. நான் தினமும் பாக்குறேன்ல.”

மிளகு போர்வையை வெளியே எடுத்து வைத்துவிட்டாள். அம்மாவுக்கு ஒரு கணம் மனம் குளிர்ந்தது. அடுத்த கணமே, இதே வாயால்தானே கால் வழுக்காது, ரப்பர் ஒட்டியிருக்கிறது என்று ஊருக்கெல்லாம் விற்றோம் என்று தோன்றி, சமையலறைக்குப் போய்க் காரணமில்லாமல் ஒரு பாத்திரத்தைத் தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படியில் இரண்டு ஜோடிக் காலடி கேட்டது. வழக்கமாக மிளகின் அப்பா தெருவிலேயே நின்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். இது அவர் நடையில்லை. கதவைத் திறந்தால், மிளகுக்குப் பின்னால் நின்றது அந்தச் சின்னம்மா. போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லி. கையில் மிளகின் பையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

“அக்கா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. அவர்கிட்ட சொல்லாமத்தான் வந்தேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

அக்காவாம். உள்ளே வா என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. பளபளவென்று வீடு வைத்திருக்கிற ஒருத்தி இந்தக் காலியைப் பார்த்துவிட்டுப் போய் என்ன சொல்லுவாள் என்ற நினைப்பில், கதவின் விளிம்பைப் பிடித்தபடி வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். மிளகு அம்மாவின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தாள். செருப்பைக் காலாலேயே ஓரமாகத் தள்ளினாள். திரும்பி, வாசலில் நிற்கிறவளைப் பார்த்து, வீட்டுக்காரி தோரணையில் சொன்னாள்.

“உள்ள வாங்க சின்னம்மா. எங்க வீட்டுல சேர் கெடையாது. கீழதான் உக்காரணும். மெத்தை மேல உக்காராதீங்க, அது ஓடும்.”

அவள் பிடித்திருந்த கதவு தானாக நகர்ந்தது மாதிரி இருந்தது. எங்க வீட்டுல. அந்தச் சொல் அவளைத் தாண்டிப் போய் வாசலில் நிற்கிறவள் முகத்தில் இறங்குவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். அந்த முகம் லேசாகச் சுருங்கி, உடனே சிரித்தது. அவளுக்குத் தெரிந்த சிரிப்புதான் அது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் பேச்சைக் கேட்டுத் தான் சிரிப்பது.

வந்தவள் தரையில், சுவரோரமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்க்காமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“நாங்க கட்டில் வாங்கின கடையிலதான் நீங்க வேலை பாக்குறீங்கன்னு இவ சொல்லித்தான் எனக்கே தெரியும். ஏணி நிக்காதுன்னு நீங்க சொன்னீங்களாம். நேத்து ஏறவே மாட்டேன்னுட்டா. நான் ஏறிக் காட்டினேன், அப்பவும் நம்பல. எங்கம்மா பொய் சொல்லமாட்டாங்கன்னு ஒரே பிடிவாதம். வேற ஏணி மாத்திக் குடுப்பாங்களாக்கா? இல்லைன்னா கட்டிலையே திருப்பி அனுப்பிடலாமா? நீங்க சொல்றதுதான்.”

கட்டில் திரும்பக் கடைக்கு வரும். அந்த மூன்று சுவர்களுக்கு நடுவில் மறுபடி நிற்கும். காலையில் இரண்டு முறை துடைக்கலாம். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். மிளகு அட்டை டிவிக்கு எதிரே உட்கார்ந்து, சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாலும் நம்பிவிடுகிற பார்வை. அதைப் பார்த்துக்கொண்டு தலையசைப்பது அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

“ஏணியில குறை ஒண்ணும் இல்ல,” என்றாள். “யாரும் விழல. நான்தான்... சும்மா ஒரு பயத்துல சொல்லிட்டேன். ஆணி அண்ணனை அனுப்பி இன்னொருவாட்டி முடுக்கச் சொல்றேன். ஏறலாம்.”

வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். எந்தப் பயம் என்று அவள் கேட்கவில்லை. மிளகும் கேட்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்துவிட்டு, சீப்பின் பற்களை விரலால் ஒரு தடவை வருடினாள். ‘டிர்ர்’ என்றது.

“டீ போடறேன்,” என்று எழுந்தாள் அவள். வீட்டில் இருந்தது இரண்டே டம்ளர். மூன்றாவதற்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். அடுப்பங்கரையிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, வந்தவள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து டிவிக்கு எதிரே வந்திருந்தாள். மிளகின் தலையில் அவிழ்ந்திருந்த ரிப்பனைக் கட்டிவிடக் கை நீட்டினாள். மிளகு தலையை லேசாகச் சாய்த்து விலக்கிக்கொண்டு, “அம்மா கட்டுவாங்க” என்றாள். நீண்ட கை எங்கே போவது என்று தெரியாமல் தன் தோளையே தடவிக்கொண்டு இறங்கியது. கட்டிலைத் துடைத்துவிட்டுத் துணியை எடுக்கும்போது தன் கை இப்படித்தான் இறங்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

டம்ளர்களைக் கொண்டு வந்து, நடுவில் வைத்துவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். நாளைக்கு அந்தப் போர்வை எந்த வீட்டில் இருக்கும், அப்பாவுக்கு என்ன பதில் சொல்லப்போகிறாள் மிளகு, எதுவும் தெரியவில்லை. கேட்கலாம். இதோ, கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறாள்.

“அம்மா, தள்ளு,” என்றாள் மிளகு, சீப்பை நீட்டி. “நம்ம டிவிய மறைக்கிற.”

அவள் சட்டென்று மகளைப் பார்த்தாள். வந்தவளும் அதே வேகத்தில் பார்த்தாள். அந்த ‘நம்ம’வுக்குள் எத்தனை பேர் என்று இருவருக்கும் தெரியவில்லை. மிளகு யாரையும் பார்க்கவில்லை. அவள் கண் நேராக, மூலை மடங்கிய அந்த ஏரியின் மேல் இருந்தது. அம்மா நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று பேர் முதுகும் வாசலைப் பார்க்க, மிளகு சீப்பை அமுக்கினாள்.