பியூஸுக்கு அடியில் இருந்தது

1941 ஜனவரி 16, வியாழன்.

முதலில் ஒரு திருத்தம். ஜெர்மன் குண்டை வெடிக்க வைக்கும் பியூஸில் புது வகை ஒன்று வந்திருப்பதாக நேற்று எழுதியிருந்தேன். அது பியூஸ் அல்ல, சைக்கிள் விளக்கின் பின்மூடி. குண்டு விழுந்த பள்ளத்தில் கிடந்ததை யாரோ சேர்த்து அனுப்பிவிட்டார்கள். நான் அதை எல்லாக் கோணத்திலும் வரைந்து, "நோக்கம் விளங்கவில்லை" என்று குறிப்பும் எழுதியிருக்கிறேன். எங்கள் பரிசோதனைக் கூடத்தின் தலைவர் டாக்டர் ஆஸ்கெவ் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டார்.

வெடிக்காத குண்டுகளிலிருந்து ராணுவத்தார் கழற்றும் பியூஸ்கள் எங்களிடம் வரும். அவற்றை அறுத்துப் பார்த்து, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. ஜெர்மானியர்கள் இப்போதெல்லாம் கட்டடத்தை மட்டும் குறிவைப்பதில்லை. குண்டைக் கழற்ற வருகிறவனையும் மனதில் வைத்துச் செய்கிறார்கள். எங்கோ ஒரு தொழிற்சாலையில் என்னைப் போலவே ஒழுங்கான ஒருத்தி உட்கார்ந்து இதையெல்லாம் யோசிக்கிறாள் என்று தோன்றும். அவள் சைக்கிள் விளக்கை வரைந்திருக்க மாட்டாள்.

இன்று கையில் எடுத்தது லெப்டினன்ட் பென்ஃபோல்டு போன வாரம் டெப்ட்ஃபோர்டில் கழற்றியது. பழக்கப்பட்ட வகைதான். ஆனால் அடி விளிம்பில் பிறை வடிவில் ஒரு புதுக் கீறல் இருந்தது. அலமாரியில் இருந்த மற்றவற்றைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் அது இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று தேநீர் ஆறும்வரை யோசித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

"இன்னொரு சைக்கிள் விளக்கா, மிஸ் டாப்செல்?"

"இருக்கலாம் சார். ஆனா இதுக்கு அடியில ஏதோ ஒண்ணு உக்காந்திருந்திருக்கு. பியூஸ்தான் அதை அமுக்கி வச்சிருக்கு. பியூஸை வெளிய இழுத்தா அது விடுபடும்."

"விடுபட்டா?"

"இழுக்கறவர் அதோட சரி."

டாக்டர் லென்ஸை எடுத்தார். அதன்பிறகு கேலி செய்யவில்லை. "பென்ஃபோல்டைக் கூப்பிடுங்க" என்றார்.

தொலைபேசியில் லெப்டினன்ட் உற்சாகமாக இருந்தார். "அடியிலயா? ஆமா, ஒரு பித்தளைத் துண்டு கூடவே வந்துச்சு. குப்பைன்னு நினைச்சேன்."

"அது இப்ப எங்க இருக்கு?"

"மிஸஸ் குர்னிகிட்ட."

கேட்டிருக்கவே வேண்டாம். குண்டு கழற்றும் ஒவ்வொரு அணிக்கும் ஒரு மதுக்கடை உண்டு; பென்ஃபோல்டு அணிக்கு மிஸஸ் குர்னியின் கடை. ஒரு குண்டு முடிந்தால் அதிலிருந்து ஒரு ஞாபகப்பொருள் கடைக்குப் போகும். அன்றைக்கு எல்லாருக்கும் ஒரு கோப்பை பீர் இலவசம். பியூஸை எங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. ஆகவே மீதியை அங்கே கொடுக்கிறார்கள். குண்டின் வால் குடை வைக்கும் தொட்டியாக நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"நாளைக்குக் காலையில கேஸ் கம்பெனி வாசல்ல ஒண்ணு எடுக்கறேன். பியூஸ்ல இதே நம்பர்தான். அதையும் சேர்த்து வாங்கிக்கோங்களேன்."

"அதை இழுக்காதீங்க."

"மிஸ், போன தடவையும் இழுத்தேன். உசுரோடதானே பேசறேன்?"

"அது எப்படின்னுதான் எனக்குப் புரியல."

மாலை மின்சார வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு மதுக்கடைக்குப் போனேன். பென்ஃபோல்டு தன் ஆட்களோடு அங்கே இருந்தார். மிஸஸ் குர்னி கோப்பை துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தோளுக்குப் பின்னால், அலமாரியில், அந்தப் பித்தளைத் துண்டு இருந்தது. அதன்மேல் பாதி எரிந்த மெழுகுவர்த்தி.

"அதுவா? கரண்ட் போனா அதுலதான் ஏத்தறேன். எவ்வளவு வாகா நிக்குது பாரு கண்ணு."

"நேத்தும் ஏத்தினீங்களா?"

"முந்தா நேத்தும்தான். ஏன்டி மூஞ்சி இப்படி வெளுக்குது? பிராந்தி தரவா?"

எல்லாரும் வெளியே போக வேண்டும் என்றேன். டாமினோ ஆடிக்கொண்டிருந்த ஒருவர், "நான் ஜெயிக்கிற நேரமாப் பார்த்து வந்துட்டா" என்றார். மிஸஸ் குர்னி துணியை உதறினார்.

"கடன் வச்சிருக்கறவன் மட்டும் உள்ள இருங்கடா, கணக்குப் பார்க்கலாம்!"

ஒரு நிமிடத்தில் கடை காலி. கோப்பைகளை மட்டும் மறக்காமல் எடுத்துப் போனார்கள்.

தீயணைக்கும் மணல் வாளியில் அதை மெல்லப் புதைத்தோம்.

"நான் தூக்கறேன்" என்றார் பென்ஃபோல்டு.

"நீங்க ஆட்டிக்கிட்டு நடப்பீங்க. நான் தூக்கறேன். நீங்க முன்னால போய் வழியில இருக்கறவங்களை விலக்குங்க."

தெரு முனையில் விமானத் தாக்குதல் காவலுக்கு நின்ற வார்டன் கேட்டார்: "மணலுக்கும் ரேஷன் வந்துடுச்சா மிஸ்?"

பரிசோதனைக் கூடத்தில் மணல் மூட்டைகளுக்கு இடையே வைத்து மெழுகைச் சுரண்டினோம். வெடிமருந்து இல்லை, அது குண்டோடேயே தங்கிவிட்டிருக்கிறது. உள்ளே இருந்தது ஒரு சுருள்வில், அதன் முனையில் கூரான ஊசி. ஊசி கிளம்பத் தயாராக நின்றிருந்தது. அதன் பாதையை அடைத்துக்கொண்டு, கல்லாக இறுகிய களிமண்.

களிமண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தேன். அறுத்த பழைய பியூஸ் ஒன்றை மேலே அமுக்கி வைத்து, கீழே பிஸ்கட் டப்பா மூடியை வைத்தோம். சுவருக்கு இந்தப் பக்கம் வந்து பியூஸில் கட்டிய கயிற்றைப் பென்ஃபோல்டு கையில் கொடுத்தேன்.

"எப்பவும் இழுக்கற மாதிரியே இழுங்க."

இழுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

டப்பா மூடியில் துளை விழுந்திருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துளை வழியாக என்னைப் பார்த்தார்.

"களிமண்ணா?"

"களிமண்தான்."

"அந்தப் பள்ளத்து மண்ணை நான் திட்டாத திட்டு இல்ல, மிஸ். பூட்ஸெல்லாம் போச்சுன்னு."

டாக்டர் தேநீர் கொடுத்தார். பாதி சாசரில் சிந்தியது. பென்ஃபோல்டு சாசரிலிருந்தே உறிஞ்சிக் குடித்தார். பிறகுதான் கேட்டார்.

"அப்ப நாளைக்கு? இன்னும் முடியலையான்னு கேஸ் கம்பெனி மேனேஜர் காதுல வந்து கத்துவார்."

"கத்தட்டும். கத்த ஆள் இருக்கறது நல்லதுதான்" என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன செய்யணும்னு எழுதிக் கொடுங்க, மிஸ் டாப்செல்" என்றார்.

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. இரண்டு முறை அடித்துத் திருத்தி, இப்படி எழுதிக் கொடுத்தேன்:

நாளை கேஸ் கம்பெனிக் குண்டின் பியூஸை யாரும் தொடக்கூடாது. குண்டின் பக்கவாட்டில் துளையிட்டு, நீராவி செலுத்தி, வெடிமருந்தை உருக்கி வெளியேற்ற வேண்டும். காலையில் கொதிகலனை லாரியில் ஏற்றுவது என் பொறுப்பு.