முனியய்யா கண் திறந்த தூண்

பர்மாவின் தவாய் மலைச் சுரங்கத்திலிருந்து ராஜரத்தினம் யாங்கோனுக்கு வந்தால் பையில் கறுப்புக் கல் வரும், வாயில் சுரங்கத்துச் சாமி முனியய்யாவின் பெருமை வரும். கல்லை அவன் மனைவி சாந்தகுமாரி, தான் வேலை பார்க்கும் தாது வியாபாரியின் கடையில் பரிசோதிப்பாள். நிலவியல் படித்தவள், அதுதான் அவள் பிழைப்பு. பெருமையை மட்டும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாள்.

கறுப்புக் கல் என்றால் டங்ஸ்டன் தாது. கையளவு துண்டே இரும்பாகக் கனக்கும். எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னால் மலையின் அடிவயிற்றிலிருந்து சுடுநீர் பொங்கி ஏறி, கருங்கல்லின் வெடிப்புகளில் விட்டுப்போன சொத்து அது. வெள்ளை வெங்கச்சாங்கல் செங்குத்தாகச் சுவர் மாதிரி நிற்கும்; அதற்குள் இந்தக் கறுப்பு அப்பிக் கிடக்கும். பீரங்கி உருக்கில் கலக்க வேண்டுமென்று வெள்ளைக்காரன் அதைத் தோண்ட நம் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தான். பிறகு ஜப்பான்காரன் வந்தான், அவனும் போனான், சுரங்கத்தின் வாயில் காடு மண்டியது. இப்போது விலை ஏறவும் மறுபடி திறந்திருக்கிறார்கள். ஆள் சேர்த்து அனுப்பும் மேஸ்திரி ராஜரத்தினம்தான். ஆட்கள் அத்தனை பேரும் யாங்கோன் ஆற்றுக்கு அக்கரை டாலாக்காரர்கள். அவர்களுக்குத் தலைவர் சாந்தகுமாரியின் ஒரே அண்ணன் சின்னத்தம்பி. சுரங்கத்து முனியய்யாவுக்குப் பூசை வைப்பவரும் அவரே.

அந்த வெள்ளிக்கிழமை காலை ராஜரத்தினம் போனை நீட்டினான். அண்ணன் அனுப்பிய படம். கூரையைத் தாங்குவதற்காக அந்தக் காலத்து ஆட்கள் வெட்டாமல் விட்டுப்போன கல்தூண். அதில் ஆள் உயரத்தில் ஒரு பட்டை. அதன்மேல் மஞ்சள், திருநீறு, குங்குமம். அதுதான் முனியய்யா. மஞ்சளுக்குக் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது.

முனியய்யா மறுபடி கண் திறந்துவிட்டார் என்று பூரித்துப்போய்ச் சொன்னான் ராஜரத்தினம். கண் திறந்தால் யோகமாம். அந்த வாரம் உளி வைக்காமலே தாது உதிருமாம். தேங்காய் உடைத்து, புது மஞ்சள் குழைத்துக் கண்ணை மூடிவிட்டு, இன்னும் உள்ளே போய் வெட்டுவார்களாம்.

சாந்தகுமாரி, அண்ணன் வாராவாரம் அனுப்பியிருந்த பழைய படங்களையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பாறையில் விரிசல் கண்டால் அதன் குறுக்கே சிமெண்டுப் பட்டை ஒன்று பூசிவைப்பார்கள். பாறை நகர்ந்தால் பட்டை உடையும். உடைந்தால் எல்லோரும் ஓடிவந்துவிட வேண்டும். எந்தக் காலத்திலோ யாரோ பூசிய பட்டை அது. பூசியவன் போய்விட்டான், எதற்கென்று தெரிந்தவர்களும் போய்விட்டார்கள், பட்டை சாமியாகிவிட்டது. அது ஒவ்வொரு தடவை உடைந்து எச்சரித்தபோதும் நம் ஆட்கள் பக்தியோடு பூசி மெழுகி அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். தாது தானாக உதிர்ந்தது கூரை கழன்றுகொண்டிருந்ததால்தான்.

சொன்னாள். ராஜரத்தினத்தின் முகம் சுருங்கிவிட்டது. சாமியைப் போய் விரிசல் என்கிறாயே, இதை உன் அண்ணனிடம் சொன்னால் என்னைச் செருப்பால் அடிப்பார் என்றான். அதுவும் உண்மைதான், தங்கச்சி படித்த படிப்பு சின்னத்தம்பிக்கு எப்போதுமே இளக்காரம். பூசை முடிந்ததும் ஆட்கள் உள்ளே இறங்கிவிடுவார்கள். வாதாட நேரம் எங்கே இருக்கிறது? அவளுக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது.

"முனியய்யா கோவமா இருக்காரு, எல்லாரையும் வெளிய வரச் சொல்றாருன்னு சொல்லுங்க. அண்ணன் அதுக்குக் கட்டுப்படுவாரு."

ராஜரத்தினம் அப்படியே போனில் சொன்னான். சின்னத்தம்பி கட்டுப்பட்டார். ஒருவர் பாக்கியில்லாமல் வெளியே வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. சாந்தகுமாரிக்குப் போன உயிர் திரும்பியது. தன் சாமர்த்தியத்தைத் தானே ஒரு கணம் மெச்சிக்கொண்டாள், பாவி. அந்த ஒரு கணத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

கோபித்த சாமியைப் பூசாரி தனியே விடுவாரா? ஆட்களை வாசலில் நிறுத்திவிட்டு, ஓடையில் முழுகி, மஞ்சளும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு சின்னத்தம்பி மட்டும் ஈரத்துணியோடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தூண் நொறுங்கிக் கூரையோடு அவர்மேல் உட்கார்ந்துவிட்டது.

உடலைத் தோண்டி எடுத்து டாலாவுக்குக் கொண்டுவந்து எரித்தார்கள். கருமாதிக்குப் படகில் போகும்போது ராஜரத்தினம் மனைவியிடம் கெஞ்சினான். சாமி கூப்பிட்டுப் போனார் என்று உன் அண்ணி காளியம்மா மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள், அந்த ஆறுதலைக் கெடுத்துவிடாதே என்றான். சாந்தகுமாரியும் வாயைத் திறப்பதில்லை என்று தலையாட்டினாள். அவளுக்கும் பயம்தான்.

சாப்பாடு முடிந்ததும் காளியம்மா பூசைக்கான மஞ்சளும் திருநீறும் கட்டிய ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்து ஆட்களின் நடுவில் வைத்தாள். முனியய்யா தன் காவை வாங்கிக்கொண்டார், இனிக் குளிர்ந்துவிடுவார், அடுத்த தூணில் அவரை எழுப்பி விளக்கு வையுங்கள், என் புருஷன் பூசித்த சாமி இருட்டில் கிடக்கக்கூடாது என்றாள். ஆட்கள் முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். திங்கட்கிழமை மலைக்குப் பஸ் ஏறுவதாகப் பேச்சு. ராஜரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த தூணும் அதே விரிசலில்தான் நிற்கிறது, படங்களில் அவள் அதையும் கண்டிருந்தாள். அந்த வீட்டில் அது தெரிந்தவள் சாந்தகுமாரி ஒருத்திதான். எழுந்து நின்றாள்.

"சாமி கூப்பிடல, அண்ணி. பாறை பொளந்துச்சு. எனக்குத் தெரியும். சொன்னா அண்ணன் நம்ப மாட்டாருன்னு, சாமி கோவமா இருக்காருன்னு சொல்லச் சொன்னது நான்தான்."

போனில் இருந்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, வாரத்துக்கு வாரம் கோடு எப்படி அகன்றது என்று விளக்கினாள். போன் கை மாறி மாறிப் போயிற்று. கடைசியில் அது காளியம்மாவிடம் வந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாறைன்னே சொல்லியிருந்தா அவரு திரும்ப உள்ள போயிருப்பாரா?"

போயிருக்கமாட்டார். நம்பாமல் சண்டை போட்டிருப்பார், தங்கச்சியைத் திட்டியிருப்பார். ஆனாலும் அத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிட்டுத் தனியே போயிருக்கமாட்டார். சாந்தகுமாரி இதையெல்லாம் சொல்லவில்லை.

"மாட்டாரு அண்ணி" என்றாள்.

காளியம்மா மஞ்சள் முடிச்சைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். யாரும் அந்த மலைக்குப் போகவேண்டாம், அவரவர் வீட்டுக்குப் போங்கள் என்று ஆட்களிடம் அமைதியாகச் சொன்னாள். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"நீ இனிமே இந்த வாசப்படி ஏறாத."