பச்சைக் கோட்டு

பிரையரை நான் பதினோரு தடவை அடித்திருக்கிறேன். பதினோரு தடவையும் அந்தப் பச்சை வெல்வெட் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அடித்தேன். முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். காட்டோரத்தில் லர்ச்சர் நாய், அதாவது திருட்டு வேட்டைக்குப் பழக்கிய நாய், வளர்த்துப் பார்க்காதவர்களுக்கு அது சுலபம்.

கோட்டு பக்கிளுடையது. பக்கிள் எங்கள் பக்கத்துக் காட்டுக்குக் காவல்காரன். ராணியின் மான்களுக்குக் காவல் என்று சொன்னால் இன்னும் சரி. காவல்காரர்கள் எல்லோரும் பச்சை வெல்வெட் கோட்டுதான் போடுவார்கள். அவன் தன் பழைய கோட்டைப் பட்டாணித் தோட்டத்தில் காக்காய் விரட்டும் பொம்மைக்கு மாட்டிவிட்டிருந்தான். என் புருஷன் அப்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கிள் குடும்பத்தோடு சர்ச்சில் முட்டி போட்டிருந்த நேரமாகப் பார்த்து அதை உருவிக்கொண்டு வந்துவிட்டான். "பாவம் புள்ள, பொம்மைக்குப் புழுங்குச்சு, கழட்டிட்டேன்," என்று சிரித்தான். துணியில் பக்கிளின் புகையிலை நாற்றமும் வேர்வை நாற்றமும் அப்படியே இருந்தன. எங்களுக்கு வேண்டியது அந்த நாற்றம்தான்.

ஏன் என்று கேட்டால் ஹேசலைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹேசல் பிரையரின் தாய். கிரேஹவுண்டு வேட்டை நாய்க்கும் மந்தை நாய்க்கும் பிறந்தது. காலும் நெஞ்சும் ஒன்றிடமிருந்து, மூளை இன்னொன்றிடமிருந்து. காட்டில் ஒருநாள் அது மானைத் துரத்துவதைப் பக்கிள் கண்டுவிட்டான். அது நேரே வீட்டுக்கு ஓடி வந்து அப்னரின் காலடியில் நின்றது. ஆட்டுவதற்கு வாலும் இல்லை; மந்தை நாய் என்று நினைக்கட்டும் என்று நாங்களே வெட்டியிருந்தோம். பின்பக்கம் முழுவதையும் ஆட்டிக்கொண்டு நின்றது. பின்னாலேயே வந்த பக்கிள், "இது யாரு நாய்னு நீ சொல்லவே வேணாம் அப்னர், அதுவே சொல்லிருச்சு," என்றான். எங்கள் வாசலில் வைத்தே சுட்டான்.

பாசம் காட்டியதால் செத்தது ஹேசல். குட்டிக்கு அந்தக் கதி வரக்கூடாது.

அதனால் பிரையருக்கு ஐந்து மாதமானதும் கொட்டகையில் பாடம் தொடங்கியது. அப்னர் வைக்கோலில் உட்கார்ந்து குட்டியை மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருப்பான். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவை உதைத்துத் திறப்பேன். கையில் கம்பு. கத்திக்கொண்டே அடிப்பேன். குட்டி வீல் என்று அப்னரிடம் ஓடும். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். தொடமாட்டான், பேர் சொல்லமாட்டான். பின்பக்கப் பலகையில் ஒரு ஓட்டை விட்டிருந்தோம். அதன் வழியாக ஓடி, ஓடைக்கு மேலே பட்டுப்போன பெரிய மரத்தின் பொந்துக்குள் போய்ப் படுத்தால்தான் அடி நிற்கும். பச்சைக் கோட்டைக் கண்டால் ஓடு, அது ஒரு பாடம். பச்சைக் கோட்டு பக்கத்தில் இருக்கிறவரை எங்களை உனக்குத் தெரியாது, விசில் அடித்தாலும் திரும்பாதே, அது இரண்டாவது. அப்புறம் நான் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பன்றிக்கொழுப்பை எடுத்துக்கொண்டு பொந்துக்குப் போவேன். அது என் கையை நக்கும். கோட்டுதான் அடித்தது, நான் இல்லை என்று நம்பும். நான் அழுவேன்.

பாடம் பலித்தது. மூன்றாவது வருஷம் அப்னர் தோளில் மானோடு பக்கிளிடம் மாட்டினான். பிரையர் பத்தடி தள்ளி நின்றது. அப்னரை ஏறெடுத்தும் பார்க்காமல், வழிப்போக்கு நாய் மாதிரி புதரை முகர்ந்துகொண்டே நழுவிவிட்டது. "யாரு நாய் அது?" என்று பக்கிள் கேட்டானாம். "தெரியாத நாய்ங்க," என்றானாம் அப்னர். நாய் தப்பியது. அவனுக்கு ஒரு வருஷம் ஜெயில்.

ஒரு மானுக்கு ஒரு வருஷம். சரி, சட்டம் அப்படி என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பன்றிகளை ஓக் காய் தின்னக் காட்டுக்கு ஓட்டினேன், கரிக்கு மரம் வெட்டினேன், முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் தின்று கிடந்தேன். அந்தக் கோடையில் லண்டனில் புதுச் சட்டம் போட்டார்கள். காட்டில் ஒரு மான்கூட மிஞ்சக்கூடாதாம். இரண்டு வருஷத்துக்குள் எல்லாவற்றையும் கொன்று தீர்க்கவேண்டுமாம். மான் மரக்கன்றைத் தின்கிறது, கப்பலுக்கு மரம் வேண்டும் என்று யாரோ கண்டுபிடித்தார்களாம். என் புருஷன் எந்தக் குற்றத்துக்காக உள்ளே கல் உடைத்துக்கொண்டிருந்தானோ, அது இப்போது அரசாங்க வேலை. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று கையில் இருந்த பால் சட்டியைச் சுவரில் அடித்து உடைத்தேன். நல்ல சட்டி.

அக்டோபரில் பக்கிள் வந்தான்.

"திர்சா, நாய் இருக்கா?"

"எந்த நாய்?"

"விளையாடாத. வால் வெட்டுன சாம்பக் கலர் பொட்டை. மூணு வருஷமா என் கண்ணுல மண்ணத் தூவிக்கிட்டு இருக்கே, அது."

"சுடத்தானே? எதுக்கு இவ்ளோ தூரம் நடந்து வந்து என்கிட்ட அனுமதி கேக்குறீங்க, வழக்கம்போலச் சுட்டுட்டுப் போங்க."

"சுட வரலம்மா. இரவல் கேக்க வந்திருக்கேன்."

நான் சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்து ஓடின. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். என் முன்னால் அவன் தொப்பியைக் கழற்றியது அதுதான் முதல் தடவை.

"எங்க நாய்ங்க குரைச்சே ஊரைக் கூட்டுது. அதுக்குள்ள மான் முள்ளுக்குள்ள பூந்துருது. குண்டடி பட்டது எங்கயோ போய் அழுகிச் சாவுது. சத்தம் போடாம ஓடிப் புடிக்கிற நாய் வேணும்."

"அந்த மாதிரி நாய் வச்சிருந்தா குத்தமாச்சே?"

"அது போன வருஷம்," என்றான்.

அது போன வருஷம். எவ்வளவு லேசாகச் சொன்னான்! செருப்பைக் கழற்றி அந்த வாயிலேயே அறைந்திருக்கவேண்டும். ஆனால் அப்னர் உள்ளே இருமிக்கொண்டிருப்பதாகப் போய்ப் பார்த்துவந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பனிக்காலம் வந்தால் அவன் தாங்கமாட்டான். எனக்கு அவன் வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

"என் ஆளு வீட்டுக்கு வரணும்," என்றேன்.

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா நாயையும் பாக்கலாம். போய்ட்டு வாங்க."

அவன் தாடையைச் சொறிந்தான். "எங்க பெரிய அதிகாரிகிட்டப் பேசுறேன். மானு பாதி குறையட்டும், அப்னர் வீட்ல இருப்பான். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

பிரையரைக் கூப்பிட்டேன். எங்கே வரும்? அவன் குரல் கேட்டபோதே அது பொந்துக்குப் போயிருந்தது. இரண்டு நாள் வெளியே வரவில்லை.

"கோட்டைக் கழட்டிட்டு வரணும் நீங்க," என்று சொல்லியனுப்பினேன். மறுநாள் வந்தவனுக்கு அப்னரின் அழுக்கு மேலங்கியைக் கொடுத்தேன். மூக்கைச் சுளித்துக்கொண்டே போட்டான். "இதப் போட்டா நான் மான் திருடன் மாதிரில்ல இருக்கேன்!" என்றான். "பழகிக்கோங்க," என்றேன். அப்போதும் பிரையர் அவன் பேச்சைக் கேட்கவில்லை. நான் கூடப் போனால்தான் ஓடும். ஆகவே நானும் போனேன்.

பனி உறைந்த விடியற்காலைகளில் பதினைந்து வாரம் போனேன். பிரையர் ஓடுவதை முதல்முறையாக நல்ல வெளிச்சத்தில், ஒளிந்துகொள்ளாமல் பார்த்தேன். ஒரு முனகல் கிடையாது. வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து, மான் திரும்பும் இடத்துக்கு முன்கூட்டியே போய் நிற்கும். கழுத்தில் ஒரே பிடி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு மானும் விழும்போது, இதற்கு ஒரு வருஷம், இதற்கு ஒரு வருஷம் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. இறைச்சி வண்டி வண்டியாகத் துரைமார் வீடுகளுக்குப் போனது. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கும் ஒரு ஈரல்கூட வரவில்லை.

பக்கிள் சத்தியத்தைக் காப்பாற்றினான். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்கமுடியவில்லை. ஏமாற்றியிருந்தால் அவனை மட்டும் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

பிப்ரவரியில் ஒருநாள் மத்தியானம் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பிரையர் அடுப்பங்கரையில் படுத்திருந்தது. திடீரென்று எழுந்தது. முதுகு மயிர் சிலிர்த்தது. வாசலில் பச்சைக் கோட்டு.

பக்கிள் என்று நினைத்துத்தான் நிமிர்ந்தேன். அப்னர். தாடியை மழித்து, கன்னம் ஒட்டி, தோளில் துப்பாக்கியோடு, புதுப் பச்சை வெல்வெட் கோட்டில் என் அப்னர்.

"வந்துட்டேன் புள்ள," என்றான்.

மாவுக் கையோடு ஓடி அவனைக் கட்டிக்கொள்ளத்தான் போனேன். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டேன்.

"என்னய்யா இது?"

"இதுதான் அவங்க சொன்னது. வேலைல சேந்தா இப்பவே வெளிய. இல்லன்னா முழு வருஷமும் உள்ள. உள்ள எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது திர்சா."

"சரி. வந்துட்டல்ல. கழட்டு. கழட்டிட்டு உள்ள வா."

அவன் கழற்றவில்லை. திரும்பிப் பார்த்தான். படலுக்கு வெளியே பக்கிள் நின்றிருந்தான். அவனும் தன் கோட்டில்தான் இருந்தான்.

"திர்சா, மான் வேலை முடியப்போகுது," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான். "இனிமே இந்த நாய்ங்களுக்கு வேலை கெடையாது. முயலு, பறவைன்னு துரைமார் காட்டுக்குள்ள பூந்துரும். எல்லாத்தையும் தீத்துரச் சொல்லி உத்தரவு. எந்த வீட்ல எது ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியாது. அப்னருக்குத் தெரியும்."

அப்னரைப் பார்த்தேன். அவன் கண் என் கையில் ஒட்டியிருந்த மாவின் மேல் இருந்தது.

"சொல்லிட்டியா?"

"நாலு வீடுதான் சொன்னேன்," என்றான் மெதுவாக. "எல்லாத்தையும் சொல்லல."

"நாலு வீடுதானா! அடேங்கப்பா, எவ்ளோ பெரிய மனசுய்யா உனக்கு!"

"கத்தாத. அவரு கேக்குறாரு. திர்சா, மொதல் நாயி நம்ம வீட்டுதா இருக்கணும்கிறாரு. நான் சொன்னபடி நடப்பேனான்னு பாக்கணுமாம். நீ உள்ள போயிரு."

உள்ளே போயிரு என்றான். அதைக் கேட்டதும் எனக்குள் மிச்சமிருந்த ஏதோ ஒன்று அறுந்தது. பதினைந்து வாரம் பனியில் நடந்தது இந்த மனுஷனுக்காக. என் நாயை எதிரி கையில் கொடுத்தது இந்த மனுஷனுக்காக.

அப்னர் துப்பாக்கியை இறக்கிவிட்டு விசில் அடித்தான். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. குட்டியிலிருந்து அவன் மடிக்குக் கூப்பிட்ட அதே விசில்.

தெரிந்த வாசனையால் அதுவரை ஓடாமல் பின்கதவருகே நின்றிருந்த பிரையர் அவன் முகத்தைப் பார்த்தது. அவனைத் தெரியாமல் இருக்குமா? அந்தக் கொட்டகை வைக்கோலில் அவன் நெஞ்சில் படுத்துத் தூங்கிய நாய். ஆனால் பச்சைக் கோட்டு இருக்கிறது. யாரோ ஒரு வழிப்போக்கனைப் பார்ப்பதுபோல ஒரு கணம் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டது. பின்கதவு வழியாகப் போனது. அவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடிவருவதற்குள் வேலிக்கு அப்பால் வெறும் பழுத்த புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் இன்னொரு தடவை விசில் அடித்தான். குரல் உடைந்தமாதிரி வந்தது அது. "பிரையர்," என்று பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டான். கொட்டகையில் அடி விழும்போதெல்லாம் ஒருதடவைகூடச் சொல்லாத பேர்.

"நல்லாப் பழக்கியிருக்கீங்க," என்று படலிலிருந்து பக்கிள் சிரித்தான்.

கையைத் துடைத்தேன். பெட்டியைத் திறந்து, பொம்மையிலிருந்து உருவிய அந்தப் பழைய கோட்டைப் படல்வரை கொண்டுபோய்ப் பக்கிளின் முகத்தில் விட்டெறிந்தேன். "உங்க தோட்டத்துப் பொம்மைக்குக் கொண்டுபோய் மாட்டுங்க. அதுக்குக் கோட்டு இல்லன்னு இப்ப என் வீட்ல ஒரு பொம்மைக்கு மாட்டியிருக்கீங்களே," என்றேன். பக்கிளின் சிரிப்பு நின்றது. அப்னர் என் பேரைச் சொன்னான். நான் திரும்பவில்லை.

பிரையர் பொந்தில் இருந்தது. என் கையை முகர்ந்துவிட்டுத்தான் வெளியே வந்தது. நாலு வீடு எவை என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை; அப்னருக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரியும். நாலு என்ன, நாய் இருந்த ஏழு வீட்டுக்கும் குறுக்கு வழியில் ஓடினேன். நாயை அவிழ்த்துவிடுங்கள், காட்டுக்கு அந்தப்பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள், சீக்கிரம் என்றேன்.

கடைசியாக ஓடைக்கு அந்தப்பக்கம் கெசையாவின் வீடு. ஹேசலின் இன்னொரு குட்டி அவளிடம்தான் இருந்தது. அதைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"எந்தப் பாவி போய்ச் சொன்னான் திர்சா? நம்ம வீட்டு நாயெல்லாம் தெரிஞ்ச ஆளாத்தானே இருக்கணும்? யாரு?"

பிரையர் என் காலோடு ஒட்டி நின்றது. என் வாய்வரை அவன் பேர் வந்தது. பதினான்கு வருஷமாகக் கூப்பிட்ட பேர்.

"பச்சைக் கோட்டு போட்ட ஒரு ஆளு," என்றேன். "எனக்குத் தெரியாத ஆளு."