பால்பாண்டிக்குக் கிடைத்த நைசுப் பொடி

எனக்குப் பால்பாண்டியைப் பிடிக்காது. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அது இன்னும் எரிச்சல். அவன் ஆத்தா சுருளியம்மாள் போடியில் எங்கள் ஏலக்காய்க் கடையில் காய் சலித்தவள். அவள் மகனும் நானும் ஒரே கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர்கள். நான் நாலு வருஷம் மூத்தவன். ஆனாலும் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பான கண்ணுச்சாமி சார் எதற்கெடுத்தாலும், "பால்பாண்டியக் கூப்பிடு" என்பார். கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

1986 தை மாதம் மதுரையிலிருந்து ஜீப்பில் ஒரு லேசர் கருவி வந்து இறங்கியது. கூடவே, ராக்கெட் எரிபொருள் ஆராயும் இடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அலுமினியப் பொடி கலந்த எரிமருந்தை லேசர் ஒளியால் பற்றவைக்கும் சோதனை. பொடியைச் சார் தருவார். கலக்க வேண்டியது நாங்கள். யாருடைய மருந்து குறைந்த ஒளியில் பற்றுகிறதோ, அவனுக்கு அங்கே நிரந்தர வேலை. ஒரே ஓர் இடம்தான். அந்த வேலை கிடைத்தால் அப்பாவின் கடையில் உட்கார வேண்டியதில்லை.

சோதனையன்று காலையில் முதல் ஆளாகப் போனேன். மேசையில் எங்கள் பெயர் ஒட்டிய இரண்டு டப்பாக்கள் இருந்தன. திறந்து பார்த்தேன். எனக்கு வைத்திருந்தது அடுப்புச் சாம்பல் மாதிரி மங்கிய நைசுப் பொடி. அவனுடையது பருபருவென்று, மினுமினுவென்று இருந்தது.

பொடி நுணுகினால் சட்டென்று சூடேறும், சீக்கிரம் பற்றும் என்று தேர்வில் நானே எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் அதெல்லாம் எங்கே போனதோ! எங்கள் ஊரில் பெரிய காய்தான் முதல் ரகம். சல்லடைக்குக் கீழே விழுவது டீக்கடைக்குப் போகும். சார் தன் செல்லப்பிள்ளைக்கு முதல் ரகத்தைக் கொடுத்துவிட்டார் என்றுதான் மண்டைக்குள் குடைந்தது. பெயர்ச் சீட்டுகளைப் பிய்த்து மாற்றி ஒட்டினேன்.

என் மருந்தில் ஒளி பட்டது. ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது, அவ்வளவுதான். ஒளியை இரண்டு தடவை கூட்டியும் புகைதான் வந்தது. பால்பாண்டியின் மருந்து முதல் ஒளியிலேயே குப்பென்று பற்றியது. அதிகாரி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சார் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"இந்த வேலை உனக்குக் கெடைக்கணும்னு உங்கப்பா என் வீடு தேடி வந்து கேட்டாரேன்னு நைசா உள்ளத உன் பேருக்கு வச்சேன். எப்படிடா மாறுச்சு?"



மறுவாரம் மதுரை பஸ்சில் பால்பாண்டி ஊரைவிட்டுப் புறப்பட்டான். பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, நீங்க சீட்ட மாத்துனத வாசல்ல நின்னு பாத்தேன். வர்ற வேலைய எனக்காக விட்டுக்குடுத்தீங்களேண்ணே! கூடப்பொறந்தவன்கூடச் செய்ய மாட்டான். எங்க ஆத்தா தெனமும் ஒங்க பேரச் சொல்லித்தான் சாமி கும்புடுது."

இல்லை, உன்னைக் கெடுக்கத்தான் மாற்றினேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"வெரசா ஏறு, பஸ்சு எடுத்துருவான்" என்றேன்.

ஜன்னல் வழியாக அவன் கும்பிட்டுக்கொண்டே போனான். வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான் செய்ததைக் கண்ணால் பார்த்தும் என்னை நல்லவனாக நினைக்க அவனால் முடிந்ததே, அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்று அவன்மேல் மறுபடியும் பொறாமையாக இருந்தது.