சந்துக்குள் திரும்பாத வண்டிகள்

விடியுமுன்பே கிடங்கின் கதவு திறந்திருந்தது. தண்ணீர்க் கேன்களைத் தோளில் சுமந்து மூன்று சக்கர வண்டியில் அடுக்கி முடித்தபோது அவளுடைய சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். எதிரே மாட்டியிருந்த, கிடங்கு கொடுத்த கைபேசி விழித்துக்கொண்டது. இனி மாலைவரை அது காட்டுவதுதான் பாதை.

எந்தத் தெருவில் நெரிசல், எந்தத் தெரு காலி என்று வண்டிகளின் ஓட்டத்தைப் பார்த்து அது தானாகவே கற்றுக்கொள்ளும். ஒருவர் விரைந்து போன தடத்தை மறுநாள் எல்லோருக்கும் காட்டும்.

பக்கத்தில் நிதானம் அண்ணனின் வண்டி நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது. மெதுவாக ஓட்டுவதால் வந்த பட்டப்பெயர். நேற்று கைபேசி காட்டிய ஒரு குறுகிய சந்தில் எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கப்போய்ச் சுவரில் மோதினார். கதவைத் திறக்க இடமில்லை. கால் நசுங்கிய மனிதரை முன்கண்ணாடியை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

அந்தச் சந்தைக் கைபேசிக்குப் பழக்கியது தான்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அங்கேதான் நாத்தனார் வீடு. வழியில் வேறெங்கும் ஒரு பெண் ஒதுங்க இடமில்லை. அடக்கி அடக்கி அடிவயிறு கடுக்கும்போது அங்கே நுழைவாள். பிறகு, விட்ட நேரத்தைப் பிடிக்கப் பறப்பாள். நின்ற நேரத்தைச் சேர்த்தாலும் பெரிய சாலையைவிட அது விரைவு. தனக்கென்று இருந்த அந்த ஒரு பொந்துக்குள் இப்போது எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள்.

மேலாளர் வெளியே வந்தார். விபத்துக்கு ஓட்டியவரே பொறுப்பு, வைத்தியச் செலவு கிடையாது, அந்த வண்டிக்கு வேறு ஆள் பார்த்தாயிற்று என்றார்.

"அந்தச் சந்துல போகச் சொன்னது உங்க போன்தானே சார்?" என்று கேட்டாள் அவள்.

"போன் வழிதாம்மா காட்டும். ஓட்டறது நீங்க."

"அப்ப நாங்க வேற வழியில போறோம்."

"தாராளமா போ. சொன்ன வழியில போகாதவங்களுக்கு நாளைக்கு அது லோடு காட்டாது. அது என் கையில இல்ல."

அவர் உள்ளே போனதும் ஓட்டுநர்கள் கூடினார்கள். சந்தைப் பழக்கியது தான்தான் என்று சொன்னால், ஏன் அங்கே போனாள் என்பதையும் சொல்ல வேண்டும். நிதானம் அண்ணனின் கால் கண்முன் வந்தது. சொல்லிவிட்டாள்.

ஓட்டுநர்களில் ஒருவனான குண்டுத் தம்பி தலையைச் சொறிந்தான். "நீ ஒண்ணுக்குப் போற அவசரம், எங்க எல்லாரையும் சந்துல சொருகிடுச்சே அக்கா."

சிரிப்பு வெடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

"அப்ப அது நம்மளப் பாத்துத்தானே கத்துக்குது?" என்றாள். "ஒருத்தர் போகலன்னா அவருக்கு லோடு இல்ல. யாருமே போகலன்னா?"

லோடு இல்லாமல் நாளைக்கு அத்தனை பேரும் வீட்டில் உட்கார நேரலாம். ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள்: சந்துக்குள் யாரும் திரும்புவதில்லை, அண்ணனின் வண்டிச் சாவியை வேறு யாரையும் தொட விடுவதில்லை.

வெயில் ஏறியபோது சந்துமுனை வந்தது. இடப்பக்கம் திரும்பச் சொன்னது கைபேசி. பழகிய கை தானாக இடப்பக்கம் வளைந்தது. அடிவயிறும் கடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேரே விட்டாள். கைபேசி வாயடைத்து, வேறு வழி தேடத் தொடங்கியது.

கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் குண்டுத் தம்பியின் இடப்பக்க விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. சந்துமுனையில் வண்டி தயங்கியது.

விளக்கு அணைந்தது. வண்டி நேரே வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும்.