அழுகை விளக்கு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் பார்த்தால் என் தம்பி குவோ-டுங்குக்குக் கை சும்மா இருக்காது. ஸ்கூட்டரைப் பிரிப்பான், ரைஸ் குக்கரைப் பிரிப்பான். திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சும். "இது தேவையே இல்லக்கா, கம்பெனிக்காரன் சும்மா போட்டிருக்கான்" என்று எனக்கே பாடம் எடுப்பான். போன வெள்ளிக்கிழமை அவன் கைவைத்தது வீட்டு ரவுட்டரில்.

கம்பெனி போட்டுக் கொடுத்த மென்பொருளை அழித்துவிட்டு, இணையத்தில் யாரோ இலவசமாக எழுதி வைத்திருந்த வேறொன்றை அதில் ஏற்றினான். அதில் தப்பொன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வைஃபை சமையலறை வரை எட்டியது. அவனுடைய கேம் திக்காமல் ஓடியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் உலாத்தினான். சாயங்காலம்தான் அழுகை விளக்கு எரியவில்லை என்று தெரிந்தது.

அவன் மனைவி யுன்-ஜுவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. குழந்தை டோடோவுக்கு மூன்று மாதம். தொட்டிலுக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி இருக்கிறது. குழந்தை அழுதால் அது ரவுட்டருக்குச் சொல்லும், ரவுட்டர் விளக்குகளுக்குச் சொல்லும், உடனே எல்லா அறைகளிலும் ஆரஞ்சு வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்கும். மூன்றும் ஒரே கம்பெனிப் பொருட்கள். பழைய மென்பொருள் சொன்னால்தான் விளக்குகள் கேட்கும். புதியதை அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தம்பி எங்கள் ஊரான கீலுங்கின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து ஒரு வாரத்துக்கு அவனுக்கு இரவு ஷிப்ட். அதற்குள் ரவுட்டர் பழையபடி ஆகாவிட்டால், குழந்தை இரவுகளில் என் வீட்டில் தூங்கட்டும் என்று அவனும் நானும் பேசி வைத்திருந்தோம். என் வீடு இரண்டு சந்து தள்ளித்தான். நான் கட்டில்கூடத் தயார் செய்துவிட்டேன். பொய் சொல்வானேன், எனக்கு அதில் கொஞ்சம் ஆசையும் இருந்தது.

ஞாயிறு மதியம் மழையில் நனைந்துகொண்டு நான்கு மாடி ஏறிப் போனேன். யுன்-ஜு தோளில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். என் கையிலிருந்த குழந்தைப் பையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் விடுவித்துக்கொண்டாள். அவள் கைகள் விடுபட்டால் எதிரில் நிற்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"பையைக் கீழ வைங்க அக்கா. யாரு உங்ககிட்ட மூட்டை கட்டச் சொன்னது?"

சைகை மொழியை நான் கற்றுக்கொண்டதே இவளோடு சண்டை போடத்தான். கல்யாணமான புதிதில் இவள் விரலை வீசி வீசித் திட்டுவாள், நான் புரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அந்த அவமானம் தாங்காமல் வகுப்பில் சேர்ந்தேன்.

"ஒரு வாரந்தானே. ராத்திரி குழந்தை அழுதா நீ எப்படி எழுந்திருப்ப?" என்று கையால் கேட்டேன்.

"என் மணிக்கட்டுல ஒரு நூலு, அவ கால்ல ஒரு நூலு. உதைச்சா முழிச்சுக்குவேன். அழுதா உதைக்காம இருப்பாளா? உங்க தம்பி மக."

"நூலு அறுந்துச்சுன்னா?"

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம், ஆனால் யாராவது கேட்டுத்தானே ஆக வேண்டும். அவள் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு டிவி அலமாரிப் பக்கம் போனாள்.

அங்கே குவோ-டுங் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் கம்ப்யூட்டர். அலமாரியின் அடித்தட்டில் ரவுட்டர். அதற்கு முன்னால் புத்தம்புதிதாக ஒரு பச்சைப் பொட்டலம் குவாய் குவாய். வங்கியோ ஆஸ்பத்திரியோ, எங்கள் ஊரில் மெஷின் இருக்கும் இடத்தில் இந்தத் தேங்காய்ச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று இருக்கும். சமர்த்தாக இரு என்றுதான் அந்தப் பேருக்கே அர்த்தம். பச்சைதான் வைக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது, பிரித்துத் தின்றுவிடக் கூடாது.

"வெள்ளிக்கிழமை வைக்க மறந்துட்டேன்கா. அதான் இப்படி ஆயிடுச்சு" என்றான்.

"பொரி வைக்காததுதான் காரணமா? கைய வச்சிக்கிட்டுச் சும்மா இல்லாததுக்கு என்ன காரணம்?"

"ஆரம்பிச்சிட்டியா..."

கம்பெனியின் தளத்திலிருந்து பழைய மென்பொருளைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருந்தான். புதியதன் பக்கத்துக்குள் போய் அதை ஏற்றிப் பார்த்தான். இந்தக் கோப்பு எனக்குப் பொருந்தாது என்று அது திருப்பித் தள்ளியது. மறுபடி ஏற்றினான், மறுபடி தள்ளியது. வந்த இடத்தில் காலை நீட்டிப் படுத்துவிட்ட விருந்தாளி மாதிரி, அது போவதாக இல்லை.

"வேற வழி ஒண்ணு இருக்கு" என்று போனைப் பார்த்துப் படித்தான். "கரண்ட்ட நிறுத்தணும். பின்னாடி இருக்கிற ஓட்டைக்குள்ள ஊசி விட்டு பட்டன அமுக்கிக்கிட்டே கரண்ட் குடுக்கணும். விளக்கு மெதுவா சிமிட்ட ஆரம்பிச்சா ஊசிய எடுத்துடணும். அப்ப பெட்டி, யாரு எதக் குடுத்தாலும் வாங்கிக்குமாம். கேபிள் வழியா பழசை அனுப்பணும்."

"நடுவுல கரண்ட் போச்சுன்னா?"

"பெட்டி செத்துடும். அப்புறம் காகிதம் பறக்காம இருக்க மேல வைக்கலாம்."

அவன் கரண்ட்டை நிறுத்தி, பொட்டலத்தை ஒதுக்கி, ரவுட்டரை வெளியே இழுத்து ஓட்டைக்குள் ஊசியை விடப் பார்த்தான். இரண்டு முறை வழுக்கியது. யுன்-ஜு குழந்தையை மறுபடி என்னிடம் தள்ளிவிட்டு, அவனை இடுப்பால் இடித்து நகர்த்தினாள். கேக் கடையில் கிரீமால் பெயர் எழுதுவது அவள் வேலை. கிரீமை அழித்து எழுத முடியாது. தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து நிமிர்த்தி ஓட்டைக்குள் விட்டாள். அவன் கரண்ட் கொடுத்தான். கண் விளக்கிலேயே இருந்தது. சிமிட்ட ஆரம்பித்ததும் நாங்கள் சொல்லக் காத்திருக்காமல் எடுத்துவிட்டாள்.

"அனுப்பு" என்றது அவள் சுட்டுவிரல்.

பெட்டியை உள்ளே தள்ளி, பொட்டலத்தை மறுபடி அதன் முகத்தோடு ஒட்டினாற்போல் பயபக்தியோடு சாய்த்து வைத்தான் என் தம்பி. அப்புறம் அனுப்பினான். திரையில் கோடு நகர்ந்து முடிவுக்கு வந்தது. உடனே இணைப்பு அறுந்துவிட்டது என்று எழுத்து வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. மழை பெய்தது. அவன் எதை எதையோ அழுத்தினான். பெட்டி பதில் சொல்லவில்லை. குனிந்து அலமாரிக்குள் பார்த்தான், விளக்கு தெரியவில்லை.

"போச்சுக்கா. செத்துடுச்சு."

"நல்லாப் பாருடா."

"ஒரு விளக்குகூட எரியல. பிடுங்கி மறுபடி மாட்டிப் பாக்கறேன்" என்று பிளக்கை நோக்கிக் கையை நீட்டினான்.

யுன்-ஜு அவன் புறங்கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவளைத் தவிர அறையில் எல்லோருக்கும் சத்தம் கேட்டது. குழந்தைகூடத் திரும்பிப் பார்த்தது.

"தொடாத!"

"செத்துப்போச்சு, யுன்-ஜு..." என்று அவனும் கையால் சொன்னான்.

"கண்ணு இருக்கா உனக்கு? அங்க பாரு."

அலமாரியின் பக்கக் கண்ணாடிக் கதவைக் காட்டினாள். நானும் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் தலையைப் பிடித்துச் சற்றே சாய்த்தாள். அப்போது தெரிந்தது. கண்ணாடியின் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு வெளிச்சம் வந்து வந்து போனது. பெட்டியின் விளக்குதான். அதன் முகத்தைத்தான் உப்பிய பச்சைப் பொட்டலம் மறைத்துக்கொண்டிருந்தது. மெஷின் பிழைக்கட்டும் என்று பொரியை வைத்துவிட்டு, அந்தப் பொரியாலேயே அதைக் கொல்லப் பார்த்தான் என் தம்பி.

"முன்னாடி மெதுவா இருந்துச்சு. இப்ப வேகமா அடிக்குது, நடுவுல ஒரு தடவ நிக்குது, மறுபடி வேகமா" என்று அவள் விரல் நுனிகள் காற்றில் தட்டிக் காட்டின. "சாப்பிட்டுக்கிட்டிருக்கு. சாப்பிடறவங்க முன்னாடியிருந்து தட்டப் பிடுங்குவாங்களா?"

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நாங்கள் இரண்டு பேர் போனைப் படித்துக்கொண்டிருந்தோம், திரையைப் படித்துக்கொண்டிருந்தோம். பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். அழைப்பு மணி, ஓடிவரும் பஸ், கொதிக்கும் பால் எல்லாமே அவளுக்குக் கண் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அது எவ்வளவு பெரிய திறமை என்று அன்றைக்குத்தான் மனசார வியந்தேன்.

குவோ-டுங் பொட்டலத்தை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தான். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து அந்த விளக்கையே பார்த்தோம். சிமிட்டல் நின்றது. முழுக்க அணைந்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு பச்சையாக, ஆடாமல் அசையாமல் எரிந்தது. கம்பெனியின் பழைய பக்கம் திரையில் வந்து நின்றது. பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அவன் அடித்ததும், விளக்குகள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் வந்து உட்கார்ந்தன.

"இனிமே நீ எதையாவது பிரிச்சேன்னா உன்னையப் பிரிச்சுடுவேன்" என்றாள் யுன்-ஜு. அவன் தலை குனிந்து வாங்கிக்கொண்டான்.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. விளக்கு நிஜமாகவே எரிகிறதா என்று பார்க்கக் குழந்தை அழ வேண்டும். மூன்று நாட்களாக ஊரைக் கூட்டியவள் தொட்டிலில் போட்டதும் சமர்த்தாகத் தூங்கிவிட்டாள். பொரி வேலை செய்தது அவளிடம்தான். குவோ-டுங் கருவிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "ங்ஆ... ங்ஆ..." என்று குழந்தை மாதிரி அழுது காட்டினான். கருவி அசரவில்லை.

"அதுக்கே உன் அழுகை பொய்யின்னு தெரியுது" என்றேன்.

"கிள்ளிப் பாக்கலாமாக்கா?"

"உன்னைக் கிள்ளறேன் வா."

அவனுக்கு நேரமாகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு, கதவருகே போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தான். யுன்-ஜு அவன் கையில் டிபன் பெட்டியைத் திணித்து வெளியே தள்ளினாள். அவன் என்னைப் பார்த்தான். கண்ணால் குழந்தைப் பையைக் காட்டினான். பார்த்துக்கிறேன் போடா என்றேன். சோதித்துப் பார்க்காத விளக்கை நம்பிக் குழந்தையை விட்டுப்போக எனக்கும் மனம் வரவில்லை.

யுன்-ஜு சமையலறைக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீரை நறுக்கினாள். நான் தொட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அப்போது தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. அது கிட்டே வந்து, எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே நின்று அலறியது. டோடோ கண்ணைத் திறந்தாள், உதட்டைப் பிதுக்கினாள், பிறகு வீலென்று கத்தினாள்.

வீடு முழுக்க ஆரஞ்சு வெளிச்சம் அடித்தது. சமையலறைச் சுவரில், கீரை மேல், யுன்-ஜுவின் கைகளில். கத்தி நின்றது.

நான் பழக்க தோஷத்தில் எழுந்து தொட்டிலுக்குள் கையை விட்டுவிட்டேன். அதற்குள் அவள் அறை வாசலில் நின்றாள். முகம் நனைந்திருந்தது. ஈரக் கைகளை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"நீங்க உக்காருங்க அக்கா. அவ என்னைத்தான் கூப்பிடறா."