திரையில் பூஜ்யம்

நான் கேலக்ஸிகளை ஆராய்கிறவள் என்று சொன்னால் வடக்குப்பட்டில் யாரும் நம்புவதில்லை. கீழ்வீட்டு அம்மா இன்றுவரை நான் வீட்டிலிருந்தே ஏதோ கால் சென்டர் வேலை பார்ப்பதாகத்தான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். 'வாயே தொறக்காம எப்படிம்மா கால் சென்டர்ல சம்பளம் குடுக்குறாங்க?' என்று ஒரு நாள் என்னிடமே கேட்டாள். திருத்திச் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன்.

ஆராய்ச்சிப் படிப்பில் இது கடைசி வருஷம். நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் மொய்க்கும் ஒரு கூட்டத்தில், எந்தக் கேலக்ஸியில் எந்த இடத்தில் எவ்வளவு குளிர்ந்த வாயு இருக்கிறது என்று வரைபடம் போடுவது என் வேலை. விண்மீன்கள் பிறப்பது அந்த வாயுவிலிருந்துதான். கூட்டத்துக்குள் வந்து விழும் கேலக்ஸியிடமிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகப் பறிபோகும். பறிபோனதும் கேலக்ஸி செத்துவிடாது. பழைய விண்மீன்களின் வெளிச்சத்திலேயே இன்னும் பல கோடி வருஷம் ஜம்மென்று இருக்கும். படத்தில் பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

இதில் ஒரு தொல்லை. அந்த வாயுவில் முக்கால்வாசி ஹைட்ரஜன். அந்தக் குளிரில் அது வாயைத் திறக்காது. கூடவே துளியளவு கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதன் ரேடியோ முனகலைப் பிடித்து, ஹைட்ரஜன் இவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போடுவோம். அந்த முனகலைவிட வானத்தின் இரைச்சலும் தொலைநோக்கியின் சொந்த இரைச்சலும் ஆயிரம் மடங்கு அதிகம். ஆகவே மாறாமல் இருப்பதையும், மெதுவாக மாறிக்கொண்டே போவதையும் கருவியின் கோளாறு என்று வைத்துக் கழித்துவிடுவோம். பாக்கி நிற்பதுதான் வாயு. இந்தக் கழித்தலுக்கு நான் எழுதிய புரோகிராமைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. யாரையும் பாராட்டாத என் கைடு சங்கரநாராயணன் சார் அதைப் பார்த்து, 'நீட்டா பண்ணியிருக்கே' என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்து ஆறு மாதம் ஓட்டினேன்.

என் கணவன் இளம்பரிதிக்கு ஒரகடத்தில் வேலை. கார்களுக்கான மின்னணுப் பலகைகள் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ். பலகைகளைச் சேம்பர் என்ற பெட்டிக்குள் கடுங்குளிரில் வைத்துச் சோதிப்பார்கள். குளிருக்குத் திரவ நைட்ரஜன். அது வரும் குழாய்கள் டெஸ்ட் ரூமின் தரைக்கடியில், ஆள் இறங்கும் ஆழத்தில் ஒரு குழிக்குள் ஓடுகின்றன. அதை 'பிட்' என்பார்கள். நைட்ரஜனுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கசிந்தால், பக்கத்தில் ஆக்சிஜன் குறைவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அதற்காக அறையில் பதினைந்து சென்சார்கள், பிட்டுக்குள் ஒன்று.

போன பொங்கல் லீவில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னா ரஞ்சு, ஒரே ரோதனையா கீது. சேம்பர் கதவைத் தொறந்தாலே சைரன் கத்துது. சென்சாருங்க வேற பழசு, தானா எறங்கிக்கினே போவுது. லைன் நின்னுச்சின்னா மேனேஜர் என் மூஞ்சியத்தான் பாக்குறாரு. நீ உன் கேலக்ஸிக்குப் பண்றியே, அத்த இதுக்கும் பண்ணிக் குடேன்."

"அது வானம்பா. இது கம்பெனி."

"இரைச்சல் எங்க இருந்தா இன்னா, இரைச்சல்தானே?"

அந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக் கொடுத்தேன். நொடியில் விழுந்து நொடியில் நிமிர்ந்தால் அது கதவு, விட்டுவிடு. நாள்கணக்கில் மெதுவாக இறங்கினால் அது சென்சாரின் வயசு, கழித்துவிடு. நடுவில் வருவது மட்டும் கசிவு, சைரன் அடி. மறுவாரமே அதைக் கம்பெனியில் ஏற்றிவிட்டார்கள். நானும் யாரையும் கேட்கவில்லை, என்னையும் யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு பதினாறு சென்சாருக்கும் திரையில் பூஜ்யம் காட்டியது. பூஜ்யம் என்றால் எல்லாம் சரி, பச்சை விளக்கு. ஐந்து மாதத்தில் ஒரு பொய் சைரன் இல்லை. இளம்பரிதிக்கு ஒரு சான்றிதழ் கொடுத்துக் கைதட்டினார்கள். கூடவே ஒரு விதியும் போட்டார்கள்: திரை பச்சையாக இருந்தால் பிட்டில் இறங்கப் பெர்மிட் வேண்டாம், முதுகில் காற்று சிலிண்டரும் வேண்டாம். அதைப் பெருமையாக வந்து சொன்னான். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்ததை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் நியாயமில்லை.

கழிக்காத மூலக் கணக்கை மாதாமாதம் எனக்கு மெயில் பண்ணச் சொல்லியிருந்தேன், சரிபார்க்கத்தான். தவறாமல் பண்ணினான். ஐந்து மெயிலையும் நான் திறக்கவே இல்லை.

சித்திரையிலிருந்து அவன் வேலை முடிந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்க ஆரம்பித்தான். கும்பகர்ணன் என்று கிண்டல் செய்தேன். டெஸ்ட் ரூமில் ஆபரேட்டராக இருக்கும் சசிரேகாவை ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். "அந்த ரூமுக்குள்ள போனாலே தலைய வலிக்குதுக்கா. எல்லாரும் கொட்டாவி வுட்டுக்கினே நிக்கிறோம்" என்றாள். "ஓ.டி.யைக் குறைச்சுக்கோ" என்று புத்தி சொல்லிவிட்டு வந்தேன். நான் ஆராய்ச்சியாளர் வேறு!

ஆனி பிறந்து நாலாவது நாள், புதன்கிழமை. காலை பதினொன்றரைக்குச் சங்கரநாராயணன் சாரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. நாங்கள் பார்த்த அதே கேலக்ஸியை வேறொரு குழு வேறொரு தொலைநோக்கியில் பார்த்திருக்கிறது. அவர்கள் படத்தில் கேலக்ஸியின் தெற்கே வாயு நீண்டு, அகன்று, வாலாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. எங்கள் படத்தில் அந்த இடம் சுத்தம். 'உன் கழித்தல் வாலைத் தின்றுவிட்டது. பரவலாக, மெதுவாக மாறும் எதையும் அது தின்னும். மூலத்தைத் திறந்து பார்' என்று எழுதியிருந்தார்.

திறந்து பார்த்தேன். வால் இருந்தது. அந்தக் கேலக்ஸி தன்னிடமிருந்த எல்லாவற்றையும் இழந்துகொண்டிருக்க, நான் அதைக் கருவிக் கோளாறு என்று துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தேன். முதலில் வந்தது கோபம். இரண்டு வருஷ உழைப்பு போயிற்றே என்று மேசையைக் குத்தினேன். குத்திய கை அப்படியே நின்றது. அதே கழித்தல் இன்னொரு இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது.

இளம்பரிதியின் மெயில்களைத் திறந்தேன். பிட் சென்சாரின் மூலக் கணக்கு. தை மாதம் ஆக்சிஜன் இருபது புள்ளி ஒன்பது சதவீதம், எல்லா இடத்திலும் இருக்கிற அளவு. பங்குனியில் பத்தொன்பது. சித்திரைக் கடைசியில் பதினாறு. போன வெள்ளிக்கிழமை வந்த கோப்பின் கடைசி வரியில் பத்து புள்ளி எட்டு. இறக்கம் வரவரச் செங்குத்தாகியிருந்தது. ஒரு சென்சார் பழசானால் அது மட்டும் தனியாக இறங்கும். இங்கே பிட்டைச் சுற்றியிருந்த நான்கும் பத்தொன்பதுக்குக் கீழே வந்திருந்தன, அதற்கடுத்த வட்டம் கொஞ்சம் குறைவாக இறங்கியிருந்தது. இந்த மாதிரிப் படத்தைத்தான் நான் மூன்று வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். ஒரு வாயு எங்கே ஊறி எங்கே பரவுகிறது என்பதன் படம் அது.

அதே வேகத்தில் போயிருந்தால் இன்றைக்கு ஆறு. ஆறு சதவீதத்தில் மனிதனுக்கு மூச்சுத் திணறாது, இருமல் வராது, பயம்கூட வராது. இரண்டு மூச்சு இழுப்பான், விழுவான்.

அவன் போனுக்கு அடித்துப் பிரயோஜனமில்லை. கேமரா இருப்பதால் கேட்டிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். கம்பெனி நம்பருக்கு அடித்தால் காத்திருக்கச் சொல்லி இசை போட்டார்கள். வண்டியை எடுத்தேன். ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் இரண்டு வரிசை அடைத்துக்கொண்டு நின்றன. பக்கத்து மண்ணில் இறக்கி ஓட்டினேன். எத்தனை பேர் திட்டினார்கள் என்று தெரியாது.

கேட்டில் செக்யூரிட்டி நம்பிராஜன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கம்பெனி ஆயுத பூஜைக்கு வந்தபோது எனக்குப் பொரி கொடுத்தவர்.

"பாஸ் இல்லாம உள்ள விட முடியாதுல்லா மேடம்."

"விட வேணாம். டெஸ்ட் ரூம்ல இருக்கிற எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க. பிட்ல நைட்ரஜன் கசியுது. ஒடனே சொல்லுங்க."

வெளியாள் கையில் இன்டர்காம் கொடுக்கக்கூடாதாம். அவரே கண்ட்ரோல் ரூமுக்கு அடித்தார். "இளம்பரிதி சார் வீட்டுக்காரம்மா வந்திருக்காவ சார். டெஸ்ட் ரூம் பிட்ல கசிவாம், எல்லாரையும் வெளிய அனுப்பச் சொல்லுதாவ." கேட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பினார். "ஸ்கிரீன் பச்சையாத்தான் இருக்காம் மேடம்."

"அந்த ஸ்கிரீன் பொய் சொல்லுது!"

"அதை நீங்கதான் செஞ்சதா சொல்லுதாவளே."

ஆமாம், நான்தான் செய்தேன். பச்சை விளக்கு என் கையெழுத்து. என்னை நம்பித்தான் என்னை நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவர் மறுபடி போனில் ஏதோ கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார்.

"லைனை நிறுத்தணும்னா மேனேஜர் கையெழுத்து போடணுமாம். அவிய மீட்டிங்ல இருக்காவ. ஆளை விட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன்னு சூப்பர்வைசர் சார் சொல்லிட்டாவ. நீங்க இப்படி நிழல்ல உக்காருங்க."

ஆளை விட்டுப் பார்க்க யார் கையெழுத்தும் வேண்டாம். அந்தக் கம்பெனியில் எதையும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆளை விட்டு என்றால் பிட்டுக்குள் ஆளை இறக்கி என்று நான் ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். புரிந்ததும் அவர் மேசைக்குப் பாய்ந்து ரிசீவரை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு நம்பரை அவரே அழுத்தினார். என்கேஜ்டு. மறுபடி அழுத்தினார். என்கேஜ்டு. நாலாவது தடவை சூப்பர்வைசர் ஜீவானந்தம் எடுத்தார்.

"மேடம், ஒண்ணும் டென்ஷன் ஆவாதீங்க. நம்ம இளம்பரிதியத்தான் அனுப்பிக்கிறேன்."

"எங்க?"

"பிட்டுக்குத்தான். உங்க பேரச் சொன்னதும் சிரிச்சிக்கினே எந்திரிச்சாரு. 'அது போட்ட புரோகிராம் தப்பாவாது சார். ஆனா அது இவ்ளோ தூரம் வந்துக்குதுன்னா பாத்துட்டே வந்துர்றேன்'னு சொல்லிட்டு எறங்கினாரு."

"சிலிண்டர் போட்டுக்கிட்டாரா?"

"பச்சையா இருந்தா எதுக்கு மேடம் சிலிண்டர்?"

"எறங்கி எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இப்பதான். ஒரு ரெண்டு மூணு நிமிசம் இருக்கும்."

ரிசீவருக்குப் பின்னால் சசிரேகாவின் குரல் கேட்டது. கண்ட்ரோல் ரூம் டெஸ்ட் ரூமை ஒட்டித்தான் இருக்கிறது. "சார், அண்ணன் கூப்புட்டா கொரல் குடுக்கல சார். லைட் மட்டும் கீழ கெடக்குது." ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ ஓடினார்கள். "நான் எறங்கிப் பாக்குறேன் சார்" என்றாள் சசி.

எனக்குத் தெரிந்த எல்லாமே அப்போது ஒரே நேரத்தில் உறைத்தது. அவளும் இரண்டு மூச்சு இழுப்பாள். அவளைத் தூக்க ஒருவன் இறங்குவான், அவனைத் தூக்க இன்னொருவன். மூளை காற்றில்லாமல் நாலு நிமிஷம் தாங்கும். அந்த நாலில் மூன்று போய்விட்டது.

"சசியைப் பிடிங்க!" என்று கத்தினேன். "அவளை எறங்க விடாதீங்க. காத்து சிலிண்டர் எங்க இருக்கு?"

"ரெண்டாவது பிளாக்ல, ஸ்டோர்ல." என்றார் ஜீவானந்தம். "பூட்டிக் கீது. யாரும் யூஸ் பண்றதில்லையே மேடம். தொறந்து எடுத்தார ஆறு ஏழு நிமிசம் ஆவும். அதுக்குள்ள நாங்க ரெண்டு பேர் எறங்கித் தூக்கிர்றோம் மேடம். கை எட்டுற தூரந்தான்."

"வேணாம். எல்லாரும் ரூமை விட்டு வெளிய வாங்க. சிலிண்டர் வர்ற வரைக்கும் ஒருத்தரும் எறங்கக் கூடாது."

ஜீவானந்தம் யாரையோ ஸ்டோருக்கு ஓடச் சொல்லிவிட்டு ரிசீவருக்குத் திரும்பினார்.

"மேடம், நீங்க அவரோட வைஃப்தானே?"

"ஆமா" என்றேன். "யாரும் எறங்காதீங்க."